பெய்ஜிங்கில் ஏமாறாமல் சுற்றிப் பார்ப்பது எப்படி: பெற்றோருடன் செல்பவருக்கு ஒரு விரிவான பதில்

பெற்றோரை அழைத்துக்கொண்டு முதன்முறையாகப் பெய்ஜிங்குக்கும் அங்கிருந்து ஷாங்காய்க்கும் செல்லவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தேநீர்க் கடைகளில் பணத்தைப் பறிகொடுத்தவர்களின் கதைகளைப் படித்துவிட்டு, தெருவில் யாரிடமும் வாய் திறக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி இருக்கத் தேவையில்லை. இந்த இரு நகரங்களிலும் இரவு பத்து மணிக்கு மேலும் குடும்பத்தோடு நிம்மதியாக நடக்கலாம். கத்தியைக் காட்டி மிரட்டுவது, வழிப்பறி செய்வது போன்றவை அங்கே மிக அரிது. சுற்றுலாப் பயணிகள் அங்கே பணத்தை இழப்பது பெரும்பாலும் தாங்களே சம்மதித்துப் போய் உட்கார்ந்த ஓர் அறையில், அல்லது தாங்களே ஏறிய ஒரு வண்டியில்தான். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: யாரிடம் வேண்டுமானாலும் பேசுங்கள், ஆனால் அடுத்து நீங்கள் எங்கே போவது என்பதை முன்பின் தெரியாத ஒருவர் முடிவு செய்ய விடாதீர்கள். கீழே நான் விவரிக்கும் மோசடிகளில் பெரும்பாலானவை, நீங்கள் நின்றுகொண்டிருக்கும் பொது இடத்திலிருந்து உங்களை வேறோர் இடத்துக்கு நகர்த்திய பிறகுதான் தொடங்குகின்றன.

முதலில் தேநீர் மோசடி. பெய்ஜிங்கில் தியானன்மென் சதுக்கமும் வாங்ஃபூஜிங் கடைத்தெருவும், ஷாங்காயில் மக்கள் சதுக்கமும் கிழக்கு நான்ஜிங் சாலையும் யூயுவான் தோட்டத்தின் சுற்றுப்புறமும் இதற்குப் பேர்போன இடங்கள். நன்றாக உடுத்திய இரண்டு மூன்று இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்களைப் படம் எடுத்துத் தர முடியுமா என்று கைபேசியை நீட்டுவார்கள். படம் எடுத்துக் கொடுத்ததும் எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். தாங்களும் வெளியூர் மாணவர்கள், விடுமுறைக்கு வந்திருக்கிறோம், ஆங்கிலம் பேசிப் பழக வாய்ப்பே கிடைப்பதில்லை என்பார்கள். பத்து நிமிடம் இதமான பேச்சு. அதன் பிறகு, பக்கத்தில் பாரம்பரியத் தேநீர் நிகழ்ச்சி ஒன்று நடக்கிறது, நாங்கள் அங்கேதான் போகிறோம், நீங்களும் வாருங்களேன் என்ற அழைப்பு வரும்.

அழைத்துச் செல்லும் இடம் பெரும்பாலும் தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. மாடியிலோ ஒரு வணிக வளாகத்தின் உள்பகுதியிலோ ஒரு சிறிய அறையாக இருக்கும். விலைப்பட்டியலை ஒரு முறை விரித்துக் காட்டி உடனே மூடிவிடுவார்கள், அல்லது காட்டவே மாட்டார்கள். பட்டு உடை அணிந்த பெண் ஒருவர் துளையிட்ட மரத்தட்டின் மேல் சின்னஞ்சிறு கெட்டிலை வைத்து, முதல் ஊற்றலை இலையைக் கழுவுவதற்கென்று தட்டிலேயே கொட்டிவிட்டு, இரண்டாவது ஊற்றலை ஒரே மடக்கில் முடிந்துவிடும் பிடியில்லாத கிண்ணங்களில் நிரப்புவார். மல்லிகைத் தேநீர், ஊலாங், பூஅர், லிச்சி மணமூட்டிய தேநீர் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். இதில் செய்முறை எதுவும் போலி இல்லை, உண்மையான தேநீர் வீடுகளிலும் இப்படித்தான் ஊற்றுவார்கள் என்பதால் உங்களுக்குச் சந்தேகம் எழாது. கடைசியில் வரும் சீட்டில் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு தலைக்கும் தனித்தனி விலை, அறைக்கு ஒரு கட்டணம், மேசையில் வைத்த வேர்க்கடலைக்கு ஒரு கட்டணம் என்று எல்லாம் சேர்ந்து பல நூறு யுவானிலிருந்து சில ஆயிரம் யுவான் வரை போட்டிருக்கும். உடன் வந்தவர்கள் முகம் சுளிக்காமல் தங்கள் பங்கை எடுத்து வைப்பார்கள். உங்களைக் கூச்சப்பட வைக்கத்தான் அது. அந்தப் பணம் பிறகு அவர்கள் கைக்கே திரும்பிவிடும்.

இதில் சிக்குபவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. அன்பாக ஒரு வாய் தேநீருக்கு அழைப்பவரிடம் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிறவர்கள்தான் சிக்குகிறார்கள். நம் பெற்றோர் தலைமுறையினர் பலரும் அப்படிப்பட்டவர்களே. எனவே மறுக்கக் கற்றுக்கொள்வதைவிட, இடத்தை மாற்றிச் சொல்லக் கற்றுக்கொள்வது எளிது. "தேநீர்தானே, இதோ எதிரில் இருக்கும் இந்தக் கடையில் குடிக்கலாம், நான் வாங்கித் தருகிறேன்" என்று பெரிய தெருவில், வாசலிலேயே விலை எழுதியிருக்கும் ஒரு கடையைக் காட்டுங்கள். உண்மையான மாணவர் என்றால் மகிழ்ச்சியோடு வருவார். மற்றவருக்குத் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். யாருடைய மனமும் புண்படாது. சீனத் தேநீரை நிதானமாகச் சுவைத்துப் பார்க்கும் ஆவல் பெற்றோருக்கு இருந்தால், பெய்ஜிங்கின் தென்மேற்கில் மாலியன்தாவ் என்ற தேயிலைத் தெரு இருக்கிறது. அங்கே கடைக்காரர்கள் வாங்க வருபவர்களை உட்கார வைத்து இலவசமாகவே ஊற்றிக் கொடுப்பார்கள். இலையை 500 கிராம் கணக்கில் விலை சொல்லி விற்பார்கள்.

இதே நாடகம் ஓவியக் கண்காட்சி என்ற பெயரிலும் நடக்கும். நுண்கலை மாணவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் வாங்ஃபூஜிங்கிலும், தடை செய்யப்பட்ட நகரம் என்று அழைக்கப்படும் பழைய அரண்மனையைச் சுற்றியும் நின்று, எங்கள் ஆசிரியரின் கண்காட்சிக்கு இன்றுதான் கடைசி நாள் என்று அழைப்பார்கள். அங்கே தொங்குபவை பெரும்பாலும் மொத்தமாக அச்சடித்துச் சட்டமிட்டவை. உங்கள் பெயரைச் சீன எழுத்தில் இலவசமாக எழுதித் தருவதாகச் சொல்லித் தூரிகையை எடுத்தால், எழுதி முடித்ததும் நன்கொடைப் பேச்சு வரும்.

அப்படியானால் யாரிடம்தான் பேசுவது என்றால், அதிகாலையில் சொர்க்கக் கோயில் பூங்காவுக்குப் போகப் பரிந்துரைக்கிறேன். ஓய்வு பெற்ற முதியவர்கள் அங்கே கூட்டம் கூட்டமாக நடனமாடுவார்கள், பாடுவார்கள், நீண்ட நடைக்கூடத்தில் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். வெளிநாட்டவரைக் கண்டால் சைகையால் அழைத்து இறகுப் பந்தைக் காலால் தட்டச் சொல்லித் தருவார்கள். யாரும் உங்களை அங்கிருந்து வேறெங்கும் கூட்டிப் போக மாட்டார்கள். எனக்குப் பெய்ஜிங்கைப் பிடித்துப் போனதற்கு இந்த மனிதர்களே முதல் காரணம்.

பெற்றோர் உடன் வருவதால் நான் மிகவும் கவலைப்படுவது தேநீரைப் பற்றியல்ல, மலிவான ஒருநாள் சுற்றுலாக்களைப் பற்றித்தான். பெருஞ்சுவரும் மிங் பேரரசர்களின் கல்லறைகளும் மதிய உணவும் சேர்த்து நுழைவுச்சீட்டுச் செலவுக்குக்கூடக் கட்டாத தொகைக்குத் துண்டுச்சீட்டு கொடுப்பார்கள். அந்த நாளின் பெரும்பகுதி பச்சைமணிக்கல் (ஜேட்) தொழிற்கூடம், பட்டுக் கூடம், முத்துக் கடை என்று கழியும். பெருஞ்சுவரில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. சில வண்டிகள் நீங்கள் நினைத்த பாதாலிங் பகுதிக்குப் போகாமல், அதிகம் அறியப்படாத வேறொரு பகுதியில் இறக்கிவிட்டு இதுவும் சுவர்தான் என்று சாதிக்கும்.

அந்தக் கடைகளுள் ஒன்று பாரம்பரிய மருத்துவ நிலையம் என்ற பெயரில் இருக்கும். களைத்து வந்தவர்களுக்கு முதலில் மூலிகை நீரில் இலவசமாகக் கால் பிடித்துவிடுவார்கள். அப்போது வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் மொழிபெயர்ப்பாளருடன் வந்து, பேராசிரியர் என்று அறிமுகம் செய்துகொண்டு, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். வயதானவரிடம் இரத்த அழுத்தம், மூட்டுவலி, தூக்கமின்மை இவற்றில் ஒன்றைச் சொன்னால் அநேகமாகப் பலித்துவிடும். அந்த வியப்பு அடங்குவதற்குள், கல்லீரல் பலவீனமாக இருக்கிறது, இந்த மருந்தை மூன்று மாதம் சாப்பிட வேண்டும் என்று பல ஆயிரம் யுவானுக்கு மருந்துப் பொட்டலங்களை அடுக்கிவிடுவார்கள். பணம் போவதைவிட, ஊரில் வழக்கமாக எடுக்கும் மாத்திரைகளோடு பெயர் தெரியாத மூலிகையைச் சேர்த்து உட்கொள்வதுதான் பெரிய ஆபத்து. சீன மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. மருத்துவமனைகளில் முறையாகப் படித்தவர்கள் அதைச் செய்கிறார்கள். சுற்றுலா வண்டி கொண்டுவந்து நிறுத்தும் இடத்தில் மட்டும் பெற்றோரின் உடலைப் பற்றிய எந்தப் பேச்சுக்கும் இடம் கொடுக்காதீர்கள். புறப்படும் முன்பே வீட்டில் இதை அவர்களுக்கு விளக்கிச் சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் தடுத்தால் மருத்துவரை அவமதித்ததாக அவர்களே வருத்தப்படக்கூடும்.

சீனச் சட்டம் இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடவில்லை. 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள சுற்றுலாச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, அடக்க விலைக்கும் கீழே ஆள் சேர்த்துப் பொருள் வாங்க வைத்து ஆதாயம் பார்ப்பதைத் தடை செய்கிறது. அப்படி வாங்க வைத்த பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற, பயணம் முடிந்து 30 நாள்கள் வரை பயணிக்கு உரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமை பதிவு பெற்ற நிறுவனத்திடம், ஒப்பந்தத்துடன், ரசீதுடன் சென்றவருக்கே பயன்படும். தெருவில் சீட்டு கொடுத்தவரை எங்கே போய்த் தேடுவது?

பெருஞ்சுவருக்கு நீங்களாகவே எளிதில் போகலாம். 2019 டிசம்பர் இறுதியிலிருந்து பாதாலிங்குக்கு அதிவேக ரயில் ஓடுகிறது. நிலையம் பூமிக்கு அடியில் 102 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் நீண்ட நகரும் படிகளில் ஏற வேண்டியிருக்கும் என்பதைப் பெற்றோருக்காக நினைவில் கொள்ளுங்கள். பேருந்து வேண்டுமானால் தெஷெங்மென் கோபுரத்தருகே 877 புறப்படுகிறது. கட்டணம் 12 யுவான்தான். ஜிஷுய்தான் மெட்ரோ நிலையத்திலிருந்து அந்த நிறுத்தத்துக்கு நடக்கும் வழியில், சீருடை போன்ற சட்டையும் கழுத்தில் அட்டையும் அணிந்தவர்கள், 877 இன்று ஓடவில்லை, இந்த வண்டியில் ஏறுங்கள் என்று வழிமறிப்பார்கள். நின்று பதில் சொல்லாமல் நடந்து, வரிசையையும் எண்ணையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பெருஞ்சுவரின் முதியான்யூ பகுதிக்குப் போக தோங்ஜிமெனிலிருந்து 916 விரைவுப் பேருந்தில் ஹுவாய்ரோ என்ற ஊருக்குச் செல்பவர்களையும், கார் வைத்திருக்கும் சிலர், இதுதான் உங்கள் நிறுத்தம் என்று பாதியிலேயே இறக்கித் தங்கள் காரில் ஏற்றும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எங்கே இறங்க வேண்டும் என்பதைக் கைபேசி வரைபடத்தில் நீங்களே பாருங்கள். கூகுள் வரைபடமும் வாட்ஸ்அப்பும் உள்ளூர் இணையத்தில் இயங்காது என்பதால், ரோமிங் வசதியோ பன்னாட்டு இ-சிம்மோ இல்லாமல் போகாதீர்கள். எந்த மோசடிக்காரருக்கும் வரைபடம் இல்லாத பயணியே வசதியானவர்.

விமான நிலையத்திலும் இதே கதைதான். வருகைக் கூடத்தில் டாக்சி, டாக்சி என்று அருகில் வந்து பெட்டியைப் பிடிப்பவர் யாரும் முறையான ஓட்டுநர் அல்லர். முறையான டாக்சி, வெளியே வரிசை போட்டு நிற்கும் இடத்தில்தான் கிடைக்கும். பெய்ஜிங் டாக்சிகளின் எண் பலகையில் முதலில் வரும் சீன எழுத்தை அடுத்து பி என்ற ஆங்கில எழுத்து இருக்கும். முதல் 3 கிலோமீட்டருக்கு 13 யுவானில் மீட்டர் தொடங்கும். இறங்கும்போது மீட்டரில் அச்சாகும் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி எண் அதில் இருப்பதால் புகார் செய்யவும், மறந்துவிட்ட பையைத் திரும்பப் பெறவும் அந்தச் சிறு தாள் உதவும். பெட்டி அதிகம் இல்லையென்றால் தலைநகர் விமான நிலையத்திலிருந்து 25 யுவானில் விரைவு ரயிலிலேயே நகருக்குள் வந்துவிடலாம். மற்ற நேரங்களில் அலிபே என்ற பணம் செலுத்தும் செயலிக்குள்ளேயே இருக்கும் திதி என்ற வாடகை வண்டிச் சேவையில் வண்டி அழைப்பதுதான் என் விருப்பம். போகும் இடமும் கட்டண மதிப்பீடும் ஏறும் முன்பே திரையில் தெரிந்துவிடுவதால் பேரத்துக்கு வேலை இல்லை.

அந்தப் பழைய அரண்மனையில் தெற்கு வாயிலில் நுழைந்து பெரும்பாலானோர் வடக்கு வாயிலில் வெளியே வருவார்கள். மூன்று நான்கு மணி நேரம் நடந்த களைப்போடு வெளிவரும் அந்த இடத்தில்தான் ரிக்‌ஷாக்காரர்கள் காத்திருப்பார்கள். மூன்று விரலைக் காட்டி ஏற்றுவார்கள். நீங்கள் 3 யுவான் அல்லது 30 யுவான் என்று எண்ணிக்கொள்வீர்கள். ஆளில்லாத ஒரு சந்தில் இறக்கிவிட்டு 300 என்பார்கள், அதுவும் ஆளுக்கு 300. ஹோஹாய் ஏரிப் பக்கத்துப் பழைய சந்துகளை ரிக்‌ஷாவில் சுற்றிப் பார்ப்பது பெற்றோருக்குப் பிடிக்கும். அதை விட்டுவிட வேண்டாம். அனுமதி பெற்ற வண்டியாகப் பார்த்து, மொத்தத் தொகை, எத்தனை பேர், எவ்வளவு நேரம், எங்கே இறக்குவது என்ற நான்கையும் கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டி, அவர் தலையசைத்த பிறகு ஏறுங்கள்.

அரண்மனைக்கான சீட்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், மற்ற மாதங்களில் 40 யுவான். கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்து இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஏழு நாள்களுக்கு முன் பதிவு திறந்ததும் விரைவில் தீர்ந்துவிடும். பொது விடுமுறை அல்லாத திங்கட்கிழமைகளில் அரண்மனை மூடியிருக்கும். இந்த இரண்டு விவரங்களைத் தெரிந்துகொண்டாலே, என்னிடம் சீட்டு இருக்கிறது என்பவரும், இன்று மூடிவிட்டார்கள் வேறிடம் காட்டுகிறேன் என்பவரும் உங்களிடம் பிழைக்க முடியாது. தியானன்மென் சதுக்கத்துக்கும் முன்பதிவு வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. யோங்ஹெகோங் என்ற லாமா கோயிலுக்குப் போகும் தெருவில் ஊதுபத்திக் கட்டுகளை வாங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். உள்ளே சீட்டு வாங்கியவர்களுக்கு ஊதுபத்தி இலவசமாகவே தரப்படுகிறது.

பணத்தைப் பொறுத்தவரை, முன்பு பெரிய தொல்லையாக இருந்த கள்ளநோட்டு மோசடி இப்போது தவிர்க்கக்கூடியதாகிவிட்டது. நீங்கள் கொடுத்த 100 யுவான் தாளை ஓட்டுநரோ கடைக்காரரோ கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றிவிட்டு, இது கள்ளநோட்டு என்று வேறொன்றைத் திருப்பித் தருவார். மீதிச் சில்லறையில் வேறு நாட்டின் மதிப்பிழந்த தாள்களைக் கலந்து கொடுப்பதும் உண்டு. 2023இலிருந்து அலிபேயிலும், வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர் அட்டைகளை இணைத்துப் பணம் செலுத்தலாம். 200 யுவானுக்கு உட்பட்ட செலவுக்குக் கூடுதல் கட்டணமும் இல்லை. ஊரிலேயே இணைத்து, அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்துவிட்டுப் புறப்படுங்கள். உங்கள் கட்டணக் குறியீட்டை, கடைக்காரர் தொகையைக் காட்டிய பிறகே திறங்கள். தெருவில் யாரோ நீட்டும் க்யூஆர் குறியீட்டை நட்புக்காகக்கூட ஸ்கேன் செய்யாதீர்கள். செயலி இயங்காத நேரத்துக்கென்று சிறு தாள்களாகக் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

உணவகங்களில் விலை எதற்கு என்று கேட்பதே முக்கியம். 2015 அக்டோபர் தேசிய விடுமுறையில் சிங்தாவ் நகரில் ஒரு பயணி 38 யுவான் என்று போட்டிருந்த இறாலைத் தட்டுக் கணக்கு என்று நினைத்துச் சாப்பிட்டார். ஓர் இறாலுக்கே 38 யுவான் என்று ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் கேட்டார்கள். நாடே கொதித்தது, அந்தக் கடைக்கு 90,000 யுவான் அபராதம் விதிக்கப்பட்டது. ஏமாந்தவர் சீனர், பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர் என்பதைக் கவனியுங்கள். தட்டுக்கா, ஒன்றுக்கா, 500 கிராமுக்கா என்று கேட்டு, பட்டியலை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டுச் சந்தை போன்ற இடங்களில் சொல்லும் விலையில் கால்பங்கிலிருந்து பேரம் தொடங்குவது வழக்கம்தான். அதை நான் மோசடிக் கணக்கில் சேர்க்கவில்லை. ஷாங்காயின் நான்ஜிங் சாலையில் கைக்கடிகாரம், பை என்று முணுமுணுத்துச் சந்துக்குள் அழைப்பவர்களுக்கும், இரவில் மசாஜ் என்றும் மதுக்கூடம் என்றும் அழைப்பவர்களுக்கும் மட்டும் நின்று பதில் சொல்லக்கூட வேண்டாம். அங்கே கதவு மூடிய பிறகு மிரட்டலும் வரும்.

இத்தனைக்குப் பிறகும் எங்காவது மாட்டிக்கொண்டால், குரலை உயர்த்தாமல் எழுந்து நின்று, விலைப்பட்டியலைக் கேளுங்கள், ஃபாப்பியாவ் எனப்படும் வரி ரசீதையும் கேளுங்கள். விலையைத் தெளிவாகக் காட்டியே விற்க வேண்டும் என்று 1998இல் நடைமுறைக்கு வந்த விலைச் சட்டம் சொல்கிறது. ரசீது என்றதுமே பாதி இடங்களில் தொகை இறங்கும். பிறகு அவர்கள் கண்முன்பே 110 என்று காவல்துறை எண்ணை அழுத்துங்கள். காவலர்கள் வந்தால் பல சமயம் அங்கேயே பேசித் தொகையைத் திருப்ப வைத்துவிடுவார்கள். உடலுக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும், ரொக்கமாகத் தராமல் கைபேசி வழியாகவோ அட்டையிலோ கட்டிவிட்டுப் பெற்றோரோடு வெளியே வந்துவிடுங்கள். பணம் யாருக்குப் போனது என்ற பதிவு கையில் இருக்கும். கடை வாசலையும் தெருப் பலகையையும் படம் எடுத்துக்கொண்டு நேரே ஹோட்டலுக்குப் போய், அங்கே இருப்பவர்களைக் கொண்டே நகர நிர்வாகத்தின் 12345 எண்ணிலும் நுகர்வோர் புகாருக்கான 12315 எண்ணிலும் அன்றைக்கே பதிவு செய்யுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், கடைக்காரரை எதிரே அழைத்து வைத்துப் பேச வழி இல்லாமல் போய்விடும்.